ஆ காட்டு

கஞ்சி காய்ச்சுறதும் ஒரு வேலையோ எண்டு கேக்கிற ஆக்கள் ஒருக்கா வந்து இந்தப் பெரிய பானைக்கு முன்னால நிண்டு பாக்கவேணும். அரிசி மலரத் துவங்கினால் அகப்பையைக் கீழை வைக்கேலாது. கொஞ்சம் பிராக்குப் பாத்தால் அடிப்பிடிச்சிடும், அந்த மணம் பேந்து எத்தினை வாளி தண்ணி விட்டாலும் போகாது. தயாபரிக்கு இது தெரியாத விசயமில்லை. கை தன்ர பாட்டில துழாவிக்கொண்டுதான் நிண்டுது. மனம்தான் ஒரு இடத்தில நிக்காமல் பக்கத்து வகுப்பறைக்குப் போறதும் வாறதுமாக் கிடந்துது. அங்கை பிள்ளையள் வாங்குகளை இழுக்கிற சத்தம் கேட்டுது. வெளியில மழை. இந்தப் பேர்கன் நகரத்து மழைக்கு விடியலும் இல்லை, பொழுதுபடலும் இல்லை. நேற்று நோர்வே நாட்டின்ர பெருநாள். தெருவெல்லாம் கொடி, பாண்டு வாத்தியம், ஐஸ்கிறீம். பள்ளிக்கூடப் பிள்ளையள் ஊர்வலம் போய் ஹுர்ரா, ஹுர்ரா எண்டு கத்தினதில மகள் இயலினிக்குத் தொண்டை கட்டிப் போச்சுது. இண்டைக்கு விடிய அதே பிள்ளைக்கு இவள் கறுப்புச் சட்டை எடுத்து வைச்சாள். நேற்று மே பதினேழு, இண்டைக்குப் பதினெட்டு. நேற்றுச் சிரிச்ச முகத்தை இரவோட இரவாக் கழுவித் துடைச்சுப்போட்டு வா எண்டு பிள்ளையைக் கேக்கிறது எந்த ஊர் நியாயம் எண்டு ஒரு மனம் கேட்டுது. அவள் என்னெண்டால் தலையில கட்டின நேற்றைய சிவப்பு நீல றிபனைக் கழட்டாமலே வந்திட்டாள். கழட்டு எண்டு சொல்ல வாய் உன்னினது, பேந்து சொல்லேல்லை.

இந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில ஒரு வழமை இருக்கு. மே பதினெட்டு எண்டால் உப்புக்கஞ்சி. முள்ளிவாய்க்கால்ல யுத்தத்தின்ர கடைசி நாளையில சனம் வரிசையில நிண்டு வாங்கிக் குடிச்ச கஞ்சி. அரிசி, தண்ணி, உப்பு, அவ்வளவுதான். கஞ்சி குடுக்க முதல், அங்கையிருந்து தப்பி வந்த ஒராள் பெரிய வகுப்புப் பிள்ளையளுக்கு நடந்ததைச் சொல்லவேணும். அந்த ஒராள் வருசா வருசம் தயாபரிதான். வேறை ஆக்கள் இல்லாமலில்லை. கேட்டால் இடுப்புப் பிடிப்பெண்ணுவினம், வேலையெண்ணுவினம், சொந்தக்காரற்றை கலியாண வீடெண்ணுவினம். தயாபரி மாட்டன் எண்டு சொன்னதில்லை. இவ்வளவு காலமும் இயலினி சின்ன வகுப்பில, மேல்மாடியில, படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டு இருந்தவள். இந்த வருசம்தான் பெரிய வகுப்புக்கு வந்திருக்கிறாள். தாய் சொல்லுற கதையை இண்டைக்குத்தான் முதல்முதலாக் கேக்கப் போறாள். தயாபரி பயந்தது அதுக்குத்தான். ஏனெண்டால் இவள் சொல்லுறது பக்கத்து பங்கரில, அதுதான் செல்லடிக்கு, பீரங்கிக் குண்டுக்கு, பதுங்குற குழியில, இருந்த ஒரு தாயையும் அவவின்ர நாலு வயசுப் பொடியனையும் பற்றின கதை. பக்கத்து பங்கரில அப்பிடி ஒரு தாயும் இருக்கேல்லை, அப்பிடி ஒரு பொடியனும் இருக்கேல்லை. அந்தத் தாய் இவள்தான். அந்தப் பொடியன் இவளின்ர தலைப்பிள்ளை.

பொய் சொல்லவேணும் எண்டு நினைச்சுத் துவங்கினதில்லை, சத்தியமா இல்லை. இங்கை வந்த முதல் வருசம், ஒரு நினைவுக் கூட்டத்தில ஆரோ ஒரு தம்பி மைக்கைக் கொண்டுவந்து கையில தந்திட்டான். அக்கா, ரெண்டு வசனம் சொல்லுங்கோ எண்டான். ரெண்டு வசனம்! என்ர எண்டு துவங்கினாள், தொண்டைக்குள்ள என்னவோ குறுக்கால வந்து நிண்டுது, சபையே நிமிந்து பாத்துக்கொண்டிருக்குது, பக்கத்து பங்கரில எண்டு வாய் தானாச் சொல்லிச்சுது. சொன்ன உடனை தண்ணி வழி கண்ட மாதிரி மிச்சமெல்லாம் ஓடி வந்திட்டுது. சனம் அழுதது. அடுத்த வருசம், அந்தப் பக்கத்து பங்கர்க் கதையைச் சொல்லுங்கோ எண்டு அவையே கேட்டினம். கதைக்குக் கை கால் முளைச்சுது. அந்தத் தாய்க்கு ஒரு பச்சைச் சோட்டி, வீட்டுக்குப் போடுற நீட்டுச் சட்டை, வந்துது, நீட்டுத் தலைமயிர் வந்துது, தமையன் ஒராள் கனடாவில எண்டுகூட ஒரு வருசம் வந்திட்டுது, அது எங்கையிருந்து வந்துதெண்டு இவளுக்கே தெரியாது. பச்சைச் சோட்டி மட்டும் இவளின்ர. சபையோட சேந்து இவளும் அந்தப் பொம்பிளைக்காக இரங்கத் துவங்கினாள். ஐயோ பாவம், ஒரே ஒரு பிள்ளை, அதையும் குடுத்திட்டு அந்த மனிசி என்னெண்டு உயிரோட இருக்குதோ எண்டு பாத்திரம் கழுவேக்கை நினைச்சு, நினைச்ச பிறகுதான் கை நிண்ட நாளும் உண்டு. ஒருக்கா ஒரு வயசுபோன ஐயா எழும்பி, அந்தத் தாய் இப்ப எங்கை இருக்கிறா பிள்ளை எண்டு கேட்டார். தெரியாது ஐயா எண்டாள். பெத்த பிள்ளையை ஆருக்கோ தத்துக் குடுத்திட்டன், அதுவும் இல்லாத ஒருத்திக்கு எண்டு அண்டைக்குத்தான் முதல்ல உறைச்சுது. உறைச்சு என்ன, அடுத்த மே மாதமும் அதையேதான் சொன்னாள்.

சாம்பவி வந்தாள். இங்கையே பிறந்து வளந்து, இப்ப பெரிய வகுப்புக்குப் படிப்பிக்கிற பிள்ளை. கையில ஒரு பை, பைக்குள்ள தேங்காய்ப்பால் பேணியள். போன வருசம் பாதிப் பிள்ளையள் ஒரு வாய் வைச்சிட்டுக் கப்பைக் கதிரைக்குக் கீழ வைச்சிட்டுப் போட்டினமாம், கூட்டித் துடைச்சது அவளாம், அதால இந்த முறை எப்பன் பால் விட்டால் என்ன எண்டு கேட்டாள். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டுதான் கேட்டாள். கோவிக்கேலாது. குடிக்காத கஞ்சியால ஆருக்கு என்ன பிரயோசனம் எண்டு அவள் நினைக்கிறதிலையும் ஞாயம் இருக்கு.

"வேண்டாம் பிள்ளை," எண்டாள் தயாபரி. "அண்டைக்குப் பால் இருக்கேல்லை."

"ருசி இல்லையெண்டால் குடிக்கமாட்டினம் அன்ரி."

"ஓம். ருசி இல்லைத்தான்."

சாம்பவி பேணியளைத் திரும்பப் பைக்குள்ள வைச்சாள். கதவடியில திரும்பி, இந்த முறை இயலினியும் இருக்கிறா, அவவுக்கு நல்ல பெருமையா இருக்கும் என்ன எண்டு சிரிச்சுப்போட்டுப் போனாள். பெருமையாம். கஞ்சிக்குப் பால் வேண்டாம் எண்டு சொல்ல என்ன வீராப்பு எனக்கு எண்டு தயாபரி தன்னையே பேசினாள். கதைக்கு வருசா வருசம் பால் விட்டுத்தானே ஊத்திக் குடுத்தவள். குடிக்கக்கூடிய மாதிரி, தொண்டையால இறங்கக்கூடிய மாதிரி. அந்தக் கதையில பொடியன் தாயைக் கண்ட ஆசையில ஓடி வாறான். கஞ்சி வாளியோட வாற தாயைக் கண்டு பங்கருக்குள்ளையிருந்து ஏறி ஓடி வாறான், அப்ப செல் வருது. அவ்வளவுதான். ஏன் ஓடி வந்தவன் எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை. பிள்ளை தாயைக் கண்டால் ஓடி வராதோ எண்டு எல்லாரும் நினைச்சிருப்பினம். இவளும் அப்பிடியே நினைச்சிட்டால் நல்லாத்தான் இருக்கும். நினைக்க விடுதே? கை துழாவத் துழாவ அரிசி உடைஞ்சு மேல வருது, கீழ போகுது, மேல வருது.

அவனுக்கு எப்பவும் வாய் திறந்தபடி. பிறந்து கண் சரியாத் திறக்க முதலே வாய் திறந்தவன். தயாபரியின்ர தகப்பன், அப்பு, அவனை ஆக்காட்டி எண்டுதான் கூப்பிடுவார். வயல் வரம்பில கத்திக்கொண்டு திரியிற ஆக்காட்டிக் குருவி. ஒரு கவளத்தை விழுங்க முதல் அடுத்ததுக்கு ஆ எண்டு கொண்டு நிப்பான். ஊரில எல்லாத் தாய்மாரும் சோறு தீத்தேக்கை ஆ காட்டு, ஆ காட்டு எண்டு பிள்ளைக்குப் பின்னால கிண்ணத்தோட திரிவினம், இவன் கிண்ணத்துக்குப் பின்னால திரிவான். பேரும் அதுக்குத் தோதா ஆவன்னாவில. பிள்ளையின்ர தகப்பன் குகநேசன் இங்கை நோர்வேக்கு வந்து மீன் பதனிடுற இடத்தில வேலைக்குச் சேந்து, விசா அலுவல் பாத்துக்கொண்டிருந்த காலம். போனில, எத்தினை பல்லு முளைச்சிட்டுது, அப்பாவுக்கு ஆ காட்டு பாப்பம் எண்டுவான். இவன் போனுக்கு முன்னால வாயைத் திறந்து காட்டுவான், குரல் மட்டும் போற போன். காட்டிப்போட்டு, அப்பா கண்டிட்டாரே எண்டு கேப்பான். ஓம், கண்டிட்டார் எண்டுவாள். பிறகு செல்லடி துவங்கினது. இடம்பெயந்து இடம்பெயந்து ஒவ்வொரு ஊராக் கைவிட்டு வரேக்கை, சுகாதாரப் பகுதியில வேலை செய்த ஒரு பிள்ளை எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவள். செல் கூவிக்கொண்டு வந்தால் குப்புறப் படுக்கவேணும், காதைப் பொத்தவேணும், வாயைத் திறந்து வைச்சிருக்கவேணும், இல்லாட்டி அதிர்ச்சியில காதுச் சவ்வு போயிடும். பெரிய ஆக்கள் செய்வினம். பிள்ளைக்கு என்ன விளங்கும்? வாயைத் திற எண்டால் பயத்தில இறுக்கி மூடினான். அடிச்சும் பாத்தாள். ஒரு நாள் ஆ காட்டு எண்டாள். டக்கெண்டு திறந்தான். அட, இவ்வளவுதானே எண்டிருந்துது. அந்தப் பங்கர் வரிசையில இருந்த மற்றத் தாய்மாரும் அதையே பிடிச்சுக்கொண்டினம். செல் வாற சத்தம் கேட்டால் ஒவ்வொரு பங்கருக்குள்ளையும் ஆ காட்டு, ஆ காட்டு. எல்லாப் பிள்ளையளும் ஆ எண்டுகொண்டு மண்ணுக்குள்ள கிடக்குங்கள். உனக்கு நல்ல மூளை தயா எண்டு ஒரு அக்கா சொன்னா. அந்தப் புழுகம், அதுதான், அந்தக் கேடுகெட்ட புழுகம், அது இப்பவும் மனதில நிக்குது. எவ்வளவு சந்தோசமா இருந்தாள் அண்டைக்கு.

உப்புப் போட்டவளோ? போட்ட மாதிரியும் கிடக்கு, போடாத மாதிரியும் கிடக்கு. அகப்பையில எடுத்து ஊதி நாக்கில வைச்சாள். போட்டிருக்கு. அண்டைக்கும் கஞ்சிக்கு உப்புக் காணும்தான். வரிசை நீளம், வெய்யில், சனம் மேல அண்ணாந்து பாத்துப் பாத்து நகருது. ரெண்டு நாளாப் பிள்ளை ஒண்டும் சாப்பிடேல்லை. அவனை அப்புவோட பங்கருக்குள்ள விட்டிட்டு இவள் வாளியைக் கொண்டு போனவள். அம்மா கஞ்சி கொண்டு வருவன், வெளியில வரக்கூடாது, அப்புவோட இருக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவள். அவன் கேட்டான், சொல் கேக்கிற பிள்ளை. அதுதான் சங்கடம். சொல் கேளாத பிள்ளையா இருந்திருக்கக்கூடாதோ? வாங்கிக்கொண்டு திரும்பி வாறாள், அரை வாளி, சிந்தாமல் வாறாள். பங்கர் வாசல் தெரியுது, மண்மூட்டை தெரியுது. மூட்டை எண்டால் சாக்கே, இவளின்ர கூறைச்சீலையை வெட்டித் தைச்சது, சரிகை வெய்யிலுக்கு மினுங்குது. உள்ளுக்கை பிள்ளையின்ர தலை தெரியுது. அப்ப கூவிச்சுது. தயாபரி படுத்தாளோ, படுக்கேல்லையோ, நினைவில்லை. கத்தினது நினைவிருக்கு. ஆ காட்டு எண்டு கத்தினாள். ஆரூரன், ஆ காட்டு. குப்புறப் படுத்துக் காதைப் பொத்தி ஆ காட்டு எண்டுதான், வேறை என்ன? பிள்ளைக்குக் கேட்டது அது இல்லை. ரெண்டு நாள் பட்டினி கிடந்த பிள்ளை, தாய் வாளியோட நிக்கிறாள், ஆ காட்டு எண்டு கூப்பிடுறாள். தீத்தத்தான் கூப்பிடுறாள் எண்டு நினைச்சிட்டான். சிரிச்சுக்கொண்டு ஏறி வந்தான். வாயைத் திறந்துகொண்டு ஏறி வந்தான். அதுக்குப் பிறகு சத்தம் ஒண்டும் இல்லை, உலகத்தில ஒரு சத்தமும் இல்லை. காலில சூடா என்னவோ ஊத்துப்பட்டது மட்டும் தெரிஞ்சுது. கஞ்சிதான் எண்டு நினைச்சாள். கஞ்சிதான் எண்டு இண்டைக்கும் நினைக்கிறாள்.

படு எண்டு சொல்லியிருக்கலாம். உள்ளுக்கை போ எண்டு சொல்லியிருக்கலாம். ஒண்டுமே சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தால் அவன் உள்ளுக்கையே இருந்திருப்பான், காது போயிருக்கும், போகட்டுமே, செவிட்டுப் பிள்ளையை வைச்சு வளக்கேலாதோ? அப்பு உள்ளுக்கை ஒரு கீறல் இல்லாமல் இருந்தவர். அவர் முகாமில செத்துப்போக முதல் ஒரே ஒருக்கா, அவன் ஏன் மோனை வெளியில வந்தவன் எண்டு கேட்டார். அவருக்குக் காது அடைச்சுப்போய் இருந்தது, அவருக்கு அந்தச் சொல்லுக் கேக்கேல்லை. தெரியேல்லை அப்பு எண்டாள். குகநேசன் அதுகூடக் கேக்கேல்லை. விமான நிலையத்தில கண்ட நாள் தொட்டு இண்டைவரைக்கும் கேக்கேல்லை, நல்ல மனிசன், இப்ப பஸ் ஓடுறான், ஒவ்வொரு மே மாதமும் இந்த நாளில லீவு எடுக்காமல் வேலைக்குப் போயிடுவான். உலகத்தில அந்தச் சொல்லைக் கேட்ட ரெண்டு பேரில ஒராள் இவள். அப்பு ஆக்காட்டியைப் பற்றி ஒண்டு சொல்லுவார். அது கூடு கட்டாது, வெறுந்தரையில முட்டை இடும். ஆரும் கிட்ட வந்தால் முட்டை கிடக்கிற இடத்தில நிண்டு கத்தாது. அங்கால தூரப் பறந்துபோய், வேறை ஒரு இடத்தில நிண்டுகொண்டு தன்ர குஞ்சு அங்கைதான் கிடக்கிற மாதிரிக் கத்தும். சின்ன வயசில அதைக் கேட்டுச் சிரிச்சவள். அது குஞ்சைக் காப்பாத்தக் கத்துது. இவள் எதைக் காப்பாத்த பக்கத்து பங்கரில நிண்டு கத்துறாள்?

இயலினிக்கு இவள் ஒரு நாளும் ஆ காட்டு எண்டு சொல்லித் தீத்தினதில்லை. இந்தா எண்டுவாள், பிடி எண்டுவாள், கரண்டியைக் கையில குடுத்திடுவாள். நோர்வேப் பிள்ளையளைப் போல நல்ல கெட்டித்தனமாத் தானே சாப்பிடுதெண்டு கண்ட ஆக்கள் புகழ்ந்தினம். பல் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனால், பிள்ளை கதிரையில சாஞ்சு வாயைத் திறக்க முதல் இவள் வெளியில வந்திடுவாள். தமையன் ஒருத்தன் இருந்தவன் எண்டு இயலினிக்குத் தெரியும். சாமித் தட்டுக்குப் பக்கத்தில படம் இருக்கு, கீழ தகப்பன்ர கையெழுத்தில பேர் இருக்கு. சின்னதில கேட்டவள், அண்ணா எப்பிடிச் செத்தவர் எண்டு. செல்லடியில எண்டாள். நொந்ததோ எண்டு கேட்டாள். இல்லை எண்டாள். அதோட பிள்ளை விட்டிட்டாள், ஆனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தன்ர கேக்கில ஒரு துண்டை அந்தப் படத்தடியில கொண்டுபோய் வைப்பாள், ஆரும் சொல்லிக் குடுக்காமல். தமிழ் எழுத்துப் படிக்கத் துவங்கின காலத்தில, புத்தகத்தில ஆவன்னாவுக்கு நேர ஒரு ஆடு நிக்குது, இயலினி ஆட்டைப் பாக்காமல், ஆ, ஆரூரன் எண்டு வாசிச்சாள். தயாபரி குக்கர் விசிலடிக்குது எண்டு சொல்லிக்கொண்டு எழும்பிப் போனாள். குக்கர் அடுப்பில வைச்சிருக்கவே இல்லை. பதினைஞ்சு வருசமா அந்தப் பேரை இவள் வாயால சொல்லேல்லை. சொன்னால் முதல் எழுத்துக்கே வாயை அப்பிடித் திறக்கவேண்டிக் கிடக்கு.

இண்டைக்கு என்ன செய்யப் போறாய் தயாபரி? தலையிடி எண்டு சொல்லலாம். சாம்பவியைச் சொல்லச் சொல்லலாம், அவள் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி வைச்சிருப்பாள். இடம்பெயந்தது, பாம்பு கடிச்சது, மழையில மரத்துக்குக் கீழ படுத்தது, அதுகளைச் சொல்லிப்போட்டு விடலாம். பழைய கதையையே சொன்னால்தான் என்ன, பிள்ளைக்கு விளங்கவே போகுது? விளங்காது. அதுதானே வயித்தெரிச்சல். தங்கச்சிக்காரி வாங்கில இருந்துகொண்டு, தன்ர தமையன் செத்ததை ஆரோ ஊர் பேர் தெரியாத பிள்ளையின்ர சாவு எண்டு கேக்கப் போறாள். கேட்டுப்போட்டு ஐயோ பாவம் எண்ணுவாள். அவனுக்கு இனி இந்தப் பூமியில மிச்சமா இருக்கிற கூடப்பிறப்பு அவள் ஒருத்திதான், அவளுக்கு முன்னாலையும் அவனை ஆற்றையோ பிள்ளை ஆக்கிப்போட்டு வந்து கஞ்சி ஊத்தப் போறியே? உண்மையைச் சொன்னால்? அம்மா கூப்பிட்டதாலதான் அண்ணா வந்தவர் எண்டு அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்கக் காவிக்கொண்டு திரியவோ? பதின்மூண்டு வயசு. தொண்டை கட்டுற அளவுக்கு நேற்று ஹுர்ரா போட்ட பிள்ளை. அப்பதான் மணந்துது. அடி பிடிச்சிட்டுது. சீ எண்டு அடுப்பை நூத்தாள். மேலாலை அள்ளினால் தெரியாது, அடியைக் கிளறாமல் விடவேணும். கையைத் துடைச்சுக்கொண்டு நிக்க, சாம்பவி வந்து எல்லாரும் இருந்திட்டினம் அன்ரி எண்டாள்.

வகுப்பறைச் சுவரில தமிழின அழிப்பு நினைவு நாள் எண்டு பிள்ளையள் வெட்டி ஒட்டின எழுத்துகள், ழகரம் கொஞ்சம் சரிஞ்சு கிடந்துது. ஒரு மெழுகுதிரி. வாங்குகள் நிறையக் கறுப்புச் சட்டைகள். இயலினி பின் வாங்கில, யன்னலோட இருந்தாள், றிபன் இப்பவும் தலையில. தாயைப் பாத்து மெல்லச் சிரிச்சாள், மற்றப் பிள்ளையளுக்குத் தெரியாத மாதிரி. தயாபரி வாயைத் திறந்தாள். பக்கத்து பங்கரில ஒரு தாயும் பிள்ளையும் இருந்தவை எண்டு வந்துது. வந்திட்டுது. அடுத்தது தானா வந்துது, அடுத்ததும் வந்துது, பச்சைச் சோட்டி வந்துது, வரிசை வந்துது, வாளி வந்துது. இவள் தள்ளி நிண்டு தன்ர குரலைக் கேட்டுக்கொண்டு நிண்டாள், சனியன் பிடிச்ச குரல், எங்கை தழுதழுக்கவேணும், எங்கை நிறுத்தவேணும் எண்டு அதுக்கு நல்லாத் தெரியும். அந்தப் பிள்ளை தாயைக் கண்டு ஓடி வந்தது எண்டு சொல்லி முடிச்சாள். பின் வாங்கைப் பாக்கக்கூடாதெண்டு நினைச்சுக்கொண்டு பாத்தாள். இயலினி கண்ணைத் துடைச்சாள். ஐயோ பாவம் எண்டு துடைக்கிறாள்.

வழமையாப் பிள்ளையள் கேள்வி கேப்பினம். ஏன் காரில போகேல்லை, பொலிசுக்குச் சொல்லேல்லையோ, செல் எண்டால் போனோ எண்டெல்லாம் கேட்டிருக்கினம், இவளும் பொறுமையாச் சொல்லியிருக்கிறாள். இண்டைக்கு முன் வாங்கில இருந்த ஒரு குட்டிப் பெட்டை, இந்த வருசம்தான் வகுப்பேறினவள், பேர் மித்திலா, கையை உயத்தினாள்.

"அன்ரி, அந்தப் பிள்ளையின்ர பேர் என்ன?"

இத்தினை வருசத்தில ஒருத்தர் கேட்டதில்லை. பெரிய ஆக்கள் கேட்டதில்லை, பேப்பர்க்காரர் கேட்டதில்லை. அந்தத் தாய்க்குத் தமையன்வரைக்கும் குடுத்தவள் பிள்ளைக்கு ஒரு பேர் குடுக்க மறந்து போனாள். இப்பவும் ஒண்டும் கெட்டுப் போகேல்லை, ஊரில எத்தினை பேர் இருக்கு, கண்ணன் எண்டால் முடிஞ்சுது. சொல்லு. தயாபரி வாயைத் திறந்தாள். கண்ணன் வரேல்லை. திறந்த வாய் திறந்தபடி நிண்டுது, அடியில கிடந்தது எழும்பி வந்துது.

"ஆர்," எண்டாள். அங்காலை போகேல்லை. அங்கையே நிண்டிட்டுது.

மித்திலாவின்ர முகம் மாறிச்சுது. ஆர் கேட்டது எண்டு அன்ரி கேக்கிறா எண்டு நினைச்சிட்டாள், கேக்கக்கூடாததைக் கேட்டிட்டம் எண்டு பயந்திட்டாள். "நான்தான் அன்ரி," எண்டுகொண்டு எழும்பினாள். எழும்பி, சொல் கேக்கிற பிள்ளை, வாங்கைவிட்டு இறங்கித் தயாபரியை நோக்கி நடந்து வந்தாள்.

வராத, வராத, உள்ளுக்கை இரு எண்டு தயாபரியின்ர உடம்பு முழுக்கக் கத்திச்சுது, சத்தம் ஒண்டும் வெளியில வரேல்லை. திரும்பவும் அதே. இவள் ஒண்டைச் சொல்ல, பிள்ளை வேறை ஒண்டைக் கேட்டு, எழும்பி வருது. மேசையைப் பிடிச்சுக்கொண்டாள். கால் சூடாக் கிடந்துது.

"மித்தி, அவ உம்மைக் கூப்பிடேல்லை." பின் வாங்கிலயிருந்து தொண்டை கட்டின குரல். இயலினி எழும்பி நிண்டாள். "அம்மா பேர் சொன்னவ. அந்தப் பிள்ளையின்ர பேர் ஆரூரன்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?" எண்டு மித்திலா திரும்பிக் கேட்டாள்.

இயலினி தாயைப் பாத்துக்கொண்டே சொன்னாள். "எங்கட வீட்டில படம் இருக்கு."

சாம்பவி கையால வாயைப் பொத்தினாள். அடிப்பிடிச்ச மணம் கதவால உள்ளுக்கை வந்துகொண்டிருந்துது. இயலினி வாங்குகளுக்கு நடுவால நடந்து வந்து, மித்திலாவைக் கையில பிடிச்சுத் திரும்ப அவளின்ர இடத்தில இருத்தி, தானும் பக்கத்தில இருந்தாள். தலையிலயிருந்த றிபனைக் கழட்டி மடியில வைச்சாள். அழேல்லை. சொல்லுங்கோ எண்டும் சொல்லேல்லை. சின்னதில ஆவன்னாவைக் காட்டிப்போட்டுப் பாத்த அதே பார்வை, சரியோ அம்மா எண்டு. அண்டைக்கு ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். எழும்பி ஓடாமல் இருந்து, ஓம் மோனை, ஆ, ஆரூரன் எண்டு சேந்து வாசிச்சிருக்கலாம். எத்தினை வருசத்தைத் துலைச்சிட்டாள்.

தயாபரி ஒரு கதிரையை இழுத்துப் பிள்ளையளுக்கு நேர போட்டு இருந்தாள். தொண்டைக்குள்ள குறுக்கால நிண்டது இன்னும் அங்கைதான் நிண்டுது. அதோடயே சொல்லவேண்டியதுதான்.

"எங்கட பங்கரில," எண்டு முதல்ல இருந்து துவங்கினாள். "எங்கட பங்கரில ஆரூரன் எண்டு ஒரு பிள்ளை இருந்தவன். நான் அவனுக்கு ஒரு சொல்லுப் பழக்கி வைச்சிருந்தனான்."